21 நாள் கணக்கு

அந்த வீடியோவை எனக்கு இன்னும் அனுப்பாதவங்க யாராச்சும் மிச்சம் இருந்தா, தயவுசெஞ்சு அனுப்ப வேண்டாம். ஏழு பேர் அனுப்பியாச்சு. அதுல ரெண்டு பேர், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த எங்க அக்காவுக்கே வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்காங்க. ரொம்ப நல்ல மனசு.

"முன்னாடி கீமோ 21 நாளைக்கு ஒரு தடவை. இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, வாரா வாரம் ஒண்ணு. ஏன்? பில்லு!" அப்படின்னு அந்த வீடியோவுல பேசுற அண்ணன் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். கீழே ஒரே கைதட்டல்.

கோவப்படாம எழுதணும்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் உட்கார்ந்திருக்கேன்.

அண்ணே, அந்த 21 நாள் வானத்துல இருந்து விழுந்த கணக்கு இல்லை. கீமோ ஏத்தினா வெள்ளையணு இறங்கும், பத்துப் பதினாலு நாள்ல அடிமட்டத்துக்குப் போகும், அப்புறம் மெல்ல ஏறி வர மூணு வாரம் ஆகும். அது நம்ம எலும்பு மஜ்ஜை கேட்ட அவகாசம். கட்டி கேட்டது இல்லை. ஆனா அந்த லீவு கட்டிக்கும் சேர்த்துத்தானே கிடைக்குது? லாரி நார்ட்டன், ரிச்சர்ட் சைமன்னு ரெண்டு பேர் 1970கள்லயே இதைத்தான் சொன்னாங்க: கட்டி சிறுசா இருக்கும்போதுதான் வேகமா வளரும், அதனால மருந்துக்குத் தப்பின மிச்சம் தலைதூக்குறதுக்குள்ள அடுத்த அடி விழணும். களையெடுத்தவங்களுக்கு இது புரியும்.

சொன்னதோட விடலை. நிணநீர் முடிச்சு வரைக்கும் நோய் பரவின 2,005 பெண்களை வெச்சு அமெரிக்காவுல சோதனை பண்ணிப் பார்த்தாங்க. 2003ல முடிவு வந்துச்சு. அதே மூணு மருந்து, அதே அளவு. ஒரு பக்கம் மூணு வாரத்துக்கு ஒருமுறை, இன்னொரு பக்கம் வெள்ளையணு ஏத்துற ஃபில்கிராஸ்டிம் ஊசியோட ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை. நாலு வருஷத்துல நோய் திரும்பாம இருந்தவங்க மூணு வாரப் பக்கம் 75 சதவீதம், ரெண்டு வாரப் பக்கம் 82. ஒரு சொட்டு மருந்து கூட்டலை. நாளை மட்டும்தான் நெருக்கினாங்க. இடைவெளியும் மருந்துதான் அண்ணே. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதுறேன்.

"ஒரே ஒரு ஆராய்ச்சியை வெச்சுப் பேசாதே"ன்னு வருவீங்க. 2019ல 26 சோதனைகளை, 37,298 பெண்களோட விவரத்தை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. நெருக்கிக் கொடுத்தவங்கள்ல பத்து வருஷத்துல மார்பகப் புற்றுநோயால இறந்தது 18.9 சதவீதம், மத்தவங்கள்ல 21.3. "ரெண்டரை சதவீதம்தானா"ன்னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருந்தார். நூறு பேர் உட்கார்ந்திருக்கிற கல்யாணப் பந்தியில ரெண்டு மூணு இலை. எந்த இலைன்னு அவரே போய்க் காட்டட்டும்.

"ஊசிக் கம்பெனிக்கு லாபம் இல்லையா?" இருக்கு. "பாக்லிடாக்செல்ங்கிற கீமோ மருந்தை வாரா வாரம் கொடுத்தா மொத்த மருந்தே கூடத்தானே?" அதுவும் நிஜம். உடம்புப் பரப்புல ஒரு சதுர மீட்டருக்கு மூணு வாரக் கணக்குல 175 மில்லிகிராம் வீதம் நாலு தடவை, வாரக் கணக்குல 80 வீதம் பன்னிரண்டு. கூட்டிப் பாருங்க, 700க்கு 960. நரம்பு மரத்துப்போறதும் வாரக் கணக்குலதான் அதிகம். ஒத்துக்கிறேன். ஆனா இந்த ரெண்டு கணக்கையும் ஒப்பிட்டு 2008ல வந்த முடிவுல உயிரோட இருந்தவங்களும் வாரக் கணக்குலதான் அதிகம். அதை அந்த அண்ணன் சொல்லலையே?

"ஆஸ்பத்திரிக்கு வக்காலத்தா?" நானா? அக்காவுக்கு ஒரே ஒரு நாள் கீமோவுக்கு ஒன்பது ஜோடி கையுறை பில்லுல போட்டாங்க, கவுண்டர்ல நின்னு சண்டை போட்டவ நான். நிஜமாவே காசைக் கரைச்ச சிகிச்சை வேணுமா? 1990கள்ல மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தை அளவுக்கு மீறி ஏத்தி, எலும்பு மஜ்ஜை மாற்றுன்னு கொடுத்தாங்க. அதுக்குச் சாதகமாப் பேசின தென்னாப்பிரிக்க டாக்டர் வெர்னர் பெஸ்வோடாவோட ஆராய்ச்சி மோசடின்னு 2000ல அம்பலமாச்சு. அம்பலப்படுத்தினது வீடியோ போடுறவங்க இல்லை. நேர்ல போய் ஃபைலைப் புரட்டின டாக்டர்கள்.

நான் டாக்டர் இல்லை. நூல் கடையில கணக்கு எழுதுறவ. புதன்கிழமை புதன்கிழமை அருப்புக்கோட்டையில விடியாத பஸ் பிடிச்சு மதுரை. முதல்ல ரத்தம் எடுக்கணும், வெள்ளையணு கவுண்ட் வர்ற வரைக்கும் பெஞ்சுல காத்திருக்கணும். கவுண்ட் இருந்தா மருந்து, இல்லைன்னா திரும்பி வரணும். அக்கா பூக்கட்டுறதுல கில்லாடி, பேசிக்கிட்டே ரெண்டு முழம் முடிச்சிருவா. எட்டாவது வாரம் மல்லிகையை மடியில வெச்சுக்கிட்டு, நார் விரல்ல இருக்கா இல்லையான்னே தெரியலைன்னு நாரைப் பல்லுல கடிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தா. இதை அனுபவிச்சவகிட்டத்தான் "பில்லுக்காக"ன்னு அனுப்புறீங்க.

ஒன்பதாவது வாரம் எங்க அத்தை வந்தாங்க. "வாரா வாரம் விஷத்தை ஏத்துறான், உடம்பு தாங்குமா? ரெண்டு வாரம் விட்டுப் பிடி." அப்ப இந்த வீடியோ இல்லை, ஆனா அதே வசனம்தான். டாக்டர் நிறுத்தச் சொல்லலை. மரத்துப்போகுதுன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பார், நாங்க சொல்லவே இல்லை. எனக்கு மார்ச் மாசக் கணக்கு முடிக்கிற நேரம், லீவு கேட்டா முதலாளி முகம் போற போக்கு தெரியும். அத்தை சொன்னதும் எனக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

மளிகைக்கடை காலண்டர்ல பன்னிரண்டு புதனுக்கு வட்டம் போட்டிருந்தா அக்கா. ரெண்டு வட்டத்துல டிக் இல்லை.

இத்தாலியில போனடோனாங்கிற டாக்டர் இருபது வருஷம் பின்தொடர்ந்து 1995ல எழுதினதுல, திட்டமிட்ட அளவுல 85 சதவீதத்துக்குக் குறையாம மருந்து போனவங்களுக்குத்தான் பலன் நல்லா இருந்துச்சுன்னு வருது. அது வேற மருந்து, வேற காலம், இதுக்குப் பொருத்திப் பார்க்காதீங்கன்னு எங்க டாக்டரே சொல்லிட்டார். ஆனாலும் நான் கணக்கு எழுதுறவ. பன்னிரண்டுல பத்து எத்தனை சதவீதம்னு கை தானாப் போட்டுருச்சு. 83.

நேத்து ராத்திரி அக்கா போன் பண்ணினா. வீடியோவைப் பார்த்திருக்கா. குரல்ல அப்படி ஒரு தெம்பு. "அப்ப அந்த ரெண்டு புதன் நான் போகாதது நல்லதுதானா பாப்பா?"

ஆமாக்கான்னு சொல்லிட்டேன்.

அவ முகநூல்ல இல்லை. அதனாலதான் இதை இங்க எழுதுறேன்.