மளிகைச் சீட்டில் இருக்கிறது கலோரி

எடை குறைக்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் இட்லி மேல்தான் பாய்கிறார்கள். ஆறு சாப்பிட்டவர் மூன்றுக்கு வந்துவிடுவார். மத்தியானச் சோறு ஒரு கரண்டியாகச் சுருங்கும். ராத்திரிக்குச் சப்பாத்தி. அந்தச் சப்பாத்திக்கு எவ்வளவு எண்ணெய் போனது, தொட்டுக்கொள்ள வைத்த குருமாவில் எவ்வளவு தேங்காய் அரைத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கலோரி எண்ணுவதை நான் கேலி செய்யவில்லை. எண்ணினால் பலன் உண்டு. ஆனால் நம் சமையலில் எது எண்ணிக்கைக்குச் சிக்காமல் தப்பிக்கிறதோ, அதுதான் இடுப்பில் போய் உட்காருகிறது என்பது என் கட்சி.

அடிப்படைக் கணக்கு பழையது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க வேதியியலாளர் அட்வாட்டர், உணவை எரித்துப் பார்த்தும், ஆளையே ஓர் அறைக்குள் வைத்து அளந்தும் போட்ட கணக்கு. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9. இன்றைக்கு பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் அச்சாகிற எண்ணுக்கும் அதுதான் அடிப்படை. அந்த 9-ஐ மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர அளவு இட்லி ஒன்று சுமார் 50, 60 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120. ஆக, ஒரு கரண்டி எண்ணெய் என்பது இரண்டு இட்லி.

தோசை வார்க்கிறவரின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓரத்தைச் சுற்றி ஒரு வட்டம், நடுவில் ஒரு சொட்டு, திருப்பிப் போட்டதும் முறுகலுக்காக இன்னொரு வட்டம். மூன்றாவது தோசைக்குக் கல் காய்ந்துவிட்டதென்று கூடக் கொஞ்சம். கலோரி எண்ணுகிற செல்போன் ஆப்பில் ‘தோசை 1’ என்று தட்டினால் அது பாட்டுக்கு ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்கும் உங்கள் வீட்டுக் கல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சரி, இட்லி ஆவியில் வெந்ததுதானே என்று நிம்மதியாக இருக்கலாமா? பொடியைக் குவித்து, நடுவில் குழி பறித்து, அதில் நல்லெண்ணெயை ஊற்றுகிறோமே, அது எந்தக் கணக்கில் வரும்? தேங்காய்ச் சட்னியும் அப்படித்தான். தேங்காய் 100 கிராமுக்கு 350 கலோரிக்கு மேல். அதே எடைக்கு வெந்த சோற்றில் 130 போல. பழி மட்டும் சோற்றுக்கு.

‘நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லை, ஆனாலும் எடை குறையவில்லை’ என்பவர்களைப் பற்றி 1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நாளுக்கு 1200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம் என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நின்றுகொண்டே வாயில் போட்டது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிலர் பாக்கெட்டில் வரும் தின்பண்டத்துக்குத் தாவுகிறார்கள். அதில் எண் அச்சிட்டிருக்கிறது, பிரச்சினையே இல்லை என்று. ‘டயட் மிக்சர்’ என்று ஒன்று விற்கிறது, அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. 2019-ல் அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவு என்று கொடுத்தது. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டியதைச் சாப்பிடலாம், போதுமென்றால் நிறுத்தலாம். பதப்படுத்திய உணவு கொடுத்த வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போயிருக்கிறது. எண் அச்சிட்டிருந்தால் என்ன, கை நிற்க வேண்டுமே. சாயங்காலம் நாலு மணிப் பசிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டால் ராத்திரி வரை தாங்கும். பாக்கெட் பிஸ்கட் தாங்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிறைய வீடுகளில் ஆப் வைத்திருப்பவர் ஒருவர், கரண்டி பிடித்திருப்பவர் இன்னொருவர். “இந்தக் கூட்டு எத்தனை கிராம் இருக்கும்?” என்று அவர் கூடத்தில் இருந்து கேட்பார். அடுப்படியில் நிற்பவர் அவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று மூன்று சமையல் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் வீணாக்க மனசு வராமல் சட்டியோடு உட்கார்ந்து முடிப்பதும் அவரே. அந்த மீதிச் சோறும், பிள்ளை கடித்துவைத்த பாதி வடையும் எந்த ஆப்பிலும் ஏறாது. வீட்டில் ஒருவர் மட்டும் டயட் இருப்பது எனக்கு ஒப்பவே இல்லாத ஏற்பாடு.

அதனால்தான் ஆளுக்கு ஆள் எண்ணுவதைவிட மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள் என்கிறேன். நாலு பேர் இருக்கிற வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். எடையில் அது நாலரை கிலோ. 9-ஆல் பெருக்கினால் 40,500 கலோரி. முப்பது நாளுக்கும் நாலு பேருக்கும் பிரித்தால் தலைக்கு நாளொன்றுக்கு 340-ஐ ஒட்டி வருகிறது. ஆறு இட்லி! வெளியில் சாப்பிட்ட பஜ்ஜியும் பரோட்டாவும் இதில் சேர்த்தி இல்லை. ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு எண்ணெய் 27 கிராம் என்கிறது. நாலு பேருக்கு மாதத்துக்கு மூன்றரை லிட்டர்தான் ஆகிறது. அந்த ஒன்றரை லிட்டரைக் குறைக்க ஆப்பும் வேண்டாம், தராசும் வேண்டாம். ஒன்றாம் தேதி மூன்றரை லிட்டரை மட்டும் வாங்கிவைத்தால் போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டின் அளவில் கை வைக்க வேண்டாம்.

இருபத்தைந்தாம் தேதியே பாட்டில் காலியாகிவிட்டால்? அப்புறம் ரசம், கூட்டு, அவியல் என்று ஓட்ட வேண்டியதுதான். அவியலுக்கு மேலே தேங்காய் எண்ணெய் ஊற்றினால்தான் இறங்கும் என்கிறவர்கள் ஒன்றாம் தேதியே சொல்லித் தொலையுங்கள், அதையும் மூன்றரைக்குள்ளேயே அடக்க வேண்டும்.