பறவையின் கடிகாரம் கண்ணில் மட்டும் இல்லை

"வலசைப் பறவையின் உடல்கடிகாரம் கண்ணில்தான்; பார்வை போனால் பகல், இரவு தெரியாது" என்று சிலர் சொல்வது தவறு. பாலூட்டிகள்தான் ஒளியறியக் கண்ணையே நம்பியிருப்பவை. பறவைகளில் மண்டையோட்டை ஊடுருவும் ஒளியை மூளையின் ஆழத்து உணரிகளும், மூளையிலுள்ள பினியல் என்ற சிறு சுரப்பியும் நேரடியாகவே உணர்கின்றன. பினியல், ஹைபோதலாமஸ் (மூளையின் அடிப்பகுதி), விழித்திரை மூன்றும் சேர்ந்ததுதான் கடிகாரம்.

1968இல் கேஸ்டன், மெனாக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வீட்டுச் சிட்டுக்குருவியின் பினியலை அகற்றினார்கள். இடைவிடாத இருட்டில் அதன் நடமாட்டத்தின் தாளம் குலைந்தது. ஒளியும் இருளும் மாறிமாறி வந்தபோதோ தாளம் திரும்பியது. (சிட்டுக்குருவி வலசை போவதில்லை; ஆனாலும் அடிப்படை இங்கிருந்துதான் தெரியவந்தது.) எல்லா இனத்திலும் இப்படியல்ல: ஜப்பானியக் காடையில் கண்ணுக்கே பெரும்பங்கு.

வலசைக் காலத்தில், பகலில் இயங்கும் தோட்டக் கதிர்க்குருவி கூண்டுக்குள்ளும் இரவெல்லாம் சிறகடிக்கும். அப்போது, பினியல் இரவில் சுரக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் குறைகிறது, கூடுவதில்லை.