கிராடக் மீது மட்டும் பழி போடுவது நியாயமல்ல

சென்னைக்காரர்களுக்கு எம்டன் என்ற பெயரை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்ததும், மிரண்டுபோய் மக்கள் ஊரைவிட்டு வெளியேறியதும், கெட்டிக்காரனை ‘அவன் எம்டன்’ என்று சொல்லும் வழக்கு அதிலிருந்து பிறந்ததும் நாம் கேட்டு வளர்ந்த கதை. அதே 22ஆம் தேதி, உலகின் மறுபக்கத்தில், தஹிதித் தீவின் பப்பீட் நகரத்தின் மீது வேறு இரண்டு ஜெர்மன் கப்பல்கள் குண்டு வீசிக்கொண்டிருந்தன. ஷார்ன்ஹோர்ஸ்ட், கினைசெனௌ என்ற அவ்விரண்டும், எம்டன் எந்தக் கிழக்காசியப் படையணியிலிருந்து பிரிந்து வந்ததோ அதே அணியின் பெரிய கப்பல்கள். அதன் தலைவர் வைஸ் அட்மிரல் ஃபொன் ஷ்பே. அந்த அணியைத் தேடிப் போய், சரியாக நாற்பதாவது நாளில், சிலி நாட்டின் கொரொனெல் கரைக்கு அப்பால் தம் கப்பலோடும் அதிலிருந்த அத்தனை பேரோடும் மூழ்கிப்போன பிரிட்டிஷ் அதிகாரி ரியர் அட்மிரல் சர் கிறிஸ்டோஃபர் கிராடக்கைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அவர் முன்பின் யோசிக்காத முரட்டுத் துணிச்சல்காரர், தம் வீரத்துக்காக சுமார் 1,600 பேரைப் பலி கொடுத்தவர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. போரில் இறக்க வேண்டும் அல்லது குதிரை வேட்டையில் கழுத்து முறிந்து இறக்க வேண்டும் என்று அவர் விரும்பியதாக நண்பர்கள் சொன்னதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். பல நாட்களாக இந்த வரலாற்றைப் படித்த பிறகு அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மனிதர் ஆபத்துக்குள் இறங்கிய ஒவ்வொரு முறையும் பதவியும் பதக்கமும் கொடுத்துப் பழக்கிய கடற்படைக்கு, கடைசி முறை மட்டும் ‘ஏன் இறங்கினாய்’ என்று கேட்கும் உரிமை கிடையாது என்பது என் கருத்து.

அவர் பணிக்கால வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும். 1862இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். 1875இல், பதின்மூன்று வயதில், பயிற்சிக் கப்பலான பிரிட்டானியாவில் சேர்ந்தார். விக்டோரியா அரசியின் காலத்துக் கடற்படைக்குச் சமமான எதிரி கடலில் இல்லை. ஆகவே அதன் அதிகாரிகள் பெயர் எடுத்ததெல்லாம் கரையில் இறங்கிப் போரிட்ட இடங்களில்தான். கிராடக் 1891இல் சூடானில் இருந்தார். 1900இல் சீனாவில் பாக்ஸர் கிளர்ச்சியின்போது டாகு என்ற இடத்துக் கோட்டைகளைப் பிடிக்க இறங்கிய பிரிட்டிஷ் மாலுமிகளுக்குத் தலைமை தாங்கினார். அடுத்த ஆண்டே கேப்டன் ஆனார். 1910இல் ரியர் அட்மிரல். 1911 டிசம்பரில் டெல்லி என்ற பயணிக் கப்பல், மன்னரின் சகோதரி இளவரசி லூயிஸையும் ஏற்றிக்கொண்டு, மொராக்கோ கரையில் தரைதட்டியபோது, கொந்தளித்த கடலில் மீட்புப் பணியை அவரே முன்னின்று நடத்தினார். அதற்காகத்தான் அவருக்கு ‘சர்’ பட்டம் வந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை, கடற்படையே வீடு. இந்த வரிசையில் எங்கேயாவது, ‘இது நம் வலிமைக்கு மீறியது’ என்று பின்வாங்கியதற்காக அவரோ அவர் காலத்து வேறொருவரோ பாராட்டப்பட்ட இடம் உண்டா?

முதல் உலகப் போர் தொடங்கியபோது அவர் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடற்பகுதியின் குரூசர் (வேகப் போர்க்கப்பல்) அணிக்குத் தலைவர். கார்ல்ஸ்ரூ என்ற வேகமான ஜெர்மன் கப்பலை நடுக்கடலில் கண்டும் பிடிக்க முடியாமல் போனதால், சஃபோக் கப்பலிலிருந்து தம் தலைமைக் கொடியை இன்னும் வேகமான குட் ஹோப்புக்கு மாற்றினார். வேகம் இருந்தது, ஆனால் மாலுமிகளில் பெரும்பாலோர் போர் அறிவித்த பிறகு வீட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட ரிசர்வ் படையினர். கனடாவின் புதிய கடற்படைக் கல்லூரியிலிருந்து நான்கு இளைஞர்களும் ஹாலிஃபாக்ஸில் ஏறிக்கொண்டார்கள். கனடா அந்தப் போரில் இழந்த முதல் உயிர்கள் அந்த நால்வருடையவை.

இனி லண்டனுக்கு வருவோம். செப்டம்பர் 14 அன்று ஷ்பே சமோவாவில் தலைகாட்டிவிட்டு வடமேற்கே போவதுபோலப் போக்குக் காட்டினார். பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி அதை நம்பியது. கிராடக்குக்குத் தருவதாகச் சொல்லியிருந்த டிஃபென்ஸ் என்ற புதிய, வலிமையான கவசக் குரூசரை வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் ஃபிஜியின் சுவா வானொலி நிலையம் ஒட்டுக்கேட்ட செய்தியால் ஷ்பே தென் அமெரிக்காவை நோக்கித்தான் வருகிறார் என்று தெரிந்துவிட்டது. அப்போதும் டிஃபென்ஸ் வரவில்லை. மாறாக, 1899இல் கட்டி முடித்த கனோபஸ் என்ற பழைய போர்க்கப்பலை அனுப்பினார்கள். அதன் 12 அங்குலப் பீரங்கிகள் உங்களைக் காக்கும், எதிரியைத் தேடுங்கள் என்பதுதான் உத்தரவு. அது 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகம்தான் போகும் என்று கிராடக்கிடம் சொல்லப்பட்டது. 20 நாட்டுக்கு மேல் ஓடக்கூடிய எதிரியை, 12 நாட் கப்பலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படித் தேடிப் பிடிப்பது? உண்மையில் கனோபஸின் தலைமைப் பொறியாளர் மனநலம் குன்றியிருந்தார். அவர் சொன்ன அளவைவிடக் கப்பல் வேகமாகவே போகும். அது பின்னர் தெரியவந்தும் கிராடக்குக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

அக்டோபர் 26 அன்று மீண்டும் டிஃபென்ஸைக் கேட்டுத் தந்தி அடித்தார். அதைப் படித்த கடற்படை அமைச்சர் சர்ச்சில், இது தெளிவாக இல்லை, இவர் என்ன செய்ய நினைக்கிறார் என்பது தமக்குப் புரியவில்லை என்று குறிப்பெழுதினார். அந்தத் தந்தி தெளிவாக எழுதப்படவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ‘என்னிடம் உள்ள கப்பல்களால் இவர்களை வெல்ல முடியாது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த வரியை அவர் ஏன் எழுதவில்லை என்பதுதான் முக்கியமான கேள்வி.

அதற்கான விடை மத்தியதரைக்கடலில் இருக்கிறது. ஆகஸ்ட் 7 அன்று ரியர் அட்மிரல் ட்ரூபிரிட்ஜ், கோபென் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் தம் நான்கு குரூசர்களையும்விட வலிமையானது என்று கணித்து, அதைத் துரத்துவதைக் கைவிட்டார். மிகை வலிமை உள்ள எதிரியோடு மோத வேண்டாம் என்று அட்மிரால்டியே உத்தரவிட்டிருந்தது. ஆனாலும் அவரை இங்கிலாந்துக்குத் திருப்பி அழைத்து விசாரணையில் நிறுத்தினார்கள். அவருடைய கொடிக் கப்பல் எது தெரியுமா? கிராடக் கேட்டுக்கொண்டே இருந்த அதே டிஃபென்ஸ். ஃபாக்லாந்துத் தீவை விட்டுப் புறப்படும் முன் கிராடக், தாம் இறந்தால் அட்மிரல் மியூக்ஸுக்கு அனுப்பும்படி ஆளுநரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பாவம் ட்ரூபிரிட்ஜுக்கு நேர்ந்தது தமக்கு நேராமல் பார்த்துக்கொள்வதாக அதில் எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. சாகத் துடிக்கும் மனிதரின் எழுத்தாக அது எனக்குத் தோன்றவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தம் பெயர் மிஞ்சாது என்று கண்டுகொண்டவரின் எழுத்து அது.

நவம்பர் 1 மாலை, ஒரே ஒரு கப்பலைத் தேடி வந்த இரு தரப்பும் எதிரெதிரே முழு அணிகளாகச் சந்தித்தன. ஜெர்மானியர்கள் லைப்ஸிக் என்ற ஒற்றைக் கப்பலின் அழைப்புக்குறியை மட்டுமே வானொலியில் பயன்படுத்தி ஏமாற்றியிருந்தார்கள். கனோபஸ் சுமார் 300 மைல் தெற்கே இருந்தது. மாலை வெயில் பிரிட்டிஷ் கப்பல்களுக்குப் பின்னாலிருந்து அடித்ததால் ஜெர்மன் பீரங்கிக்காரர்களுக்குக் கண் கூசியது. ஷ்பே அவசரப்படவில்லை, சூரியன் மறையும்வரை விலகியே நின்றார். மறைந்த பிறகு நிலைமை தலைகீழானது. மேற்கு வானத்துச் செம்மையில் குட் ஹோப்பும் அதன் துணைக் கப்பலான மான்மத்தும் கறுத்த உருவங்களாகத் துல்லியமாகத் தெரிய, ஜெர்மன் கப்பல்கள் கரையோர இருட்டில் கரைந்துவிட்டன. குட் ஹோப்பின் 6 அங்குலப் பீரங்கிகள் பதினாறில் பாதி, கீழ்த்தட்டில், நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே பக்கச்சுவரில் பதித்திருந்தவை. எதிர்க்காற்றில் எழும்பிய அலைகள் அவற்றின் வாயை மூடின; திறந்தால் கடல் உள்ளே வரும். 7 மணி 4 நிமிடத்துக்குத் தொடங்கிய சண்டையில் ஷார்ன்ஹோர்ஸ்டின் மூன்றாவது வீச்சிலேயே குட் ஹோப்பின் முன்புறப் பெரிய பீரங்கி போயிற்று. 8 மணிக்குள் கப்பலே வெடித்தது. தப்பி ஓடிய கிளாஸ்கோ என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்தவர்கள், தொலைவில் மான்மத்தின் மீது நியூர்ன்பெர்க் என்ற ஜெர்மன் கப்பல் சுட்ட வெளிச்சத்தை எழுபத்தைந்து மின்னல்களாக எண்ணினார்கள். அதன்பின் இருட்டு. இரு கப்பல்களிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஜெர்மானியர் தரப்பில் காயம்பட்டவர்கள் மூவர்.

எதிரியைக் கண்டதிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் அவருக்கு இருந்தது, கனோபஸை நோக்கி ஒதுங்கி இருட்டில் தப்பியிருக்கலாம் என்பது வலுவான வாதம். அதற்கு முழுமையான மறுமொழி என்னிடம் இல்லை. கனோபஸை, அணிக்கு நிலக்கரி ஏற்றிவந்த கப்பல்களுக்குத் துணையாகப் பின்னால் விட்டது அவர் முடிவுதான். ஆனால், கனோபஸ் ஒரு கோட்டை, அதன் அருகே இருந்திருந்தால் குரூசர்களுக்கு ஆபத்தே இல்லை என்று சர்ச்சில் பின்னாளில் எழுதியதை மட்டும் நான் ஒப்ப மாட்டேன். கோட்டையின் நிழலிலேயே நின்றிருந்தால் ஷ்பே விலகிப் போயிருப்பார். அவரைத் தவறவிட்டதற்காக இன்னொரு விசாரணை நடந்திருக்கும். அன்று ஜெர்மானியர் தங்கள் பெரிய குண்டுகளில் ஏறக்குறைய பாதியைச் செலவழித்தார்கள், அந்தக் கடலில் அவற்றை ஈடுசெய்ய வழி கிடையாது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் கடைசியில் கடற்படையின் தலைமைப் பொறுப்புக்குத் திரும்பிய கிழவர் ஃபிஷர், வந்ததும் டிஃபென்ஸை கிராடக்கிடம் போகச் சொன்னார். அந்தத் தந்தி புறப்பட்டது நவம்பர் 3 மாலை. தோல்விச் செய்தி லண்டனுக்கு வந்தது மறுநாள். அதற்கும் மறுநாள், நவம்பர் 5 அன்று, ட்ரூபிரிட்ஜின் மீதான ராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியது. ஒன்பதாம் தேதி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். கோபென் மிகை வலிமை உள்ள எதிரிதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சட்டப்படி கிராடக்கும் திரும்பியிருக்கலாம் என்றுதான் இதற்குப் பொருள். ஆனால் விடுதலையான ட்ரூபிரிட்ஜுக்கு அதன்பின் கடலில் எந்தக் கப்பலணியின் தலைமையும் தரப்படவில்லை.