லீவு நாளில் வீட்டில் யாருக்கு லீவு?

மே மாசம் வந்தாலே "பிள்ளைங்களுக்கு லீவு, எல்லாரும் வீட்டோட ஜாலியா இருக்கீங்க போல" என்று கேட்கிறவர்களிடம் இந்த வருஷம் நேராகவே சொல்லப் போகிறேன். எனக்கு ஜாலி இல்லை. வாரத்தில் ஆறு நாள் நானும் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாருக்கும் லீவு, எனக்கு மட்டும் அன்றைக்குத்தான் இடுப்பு ஒடிகிற வேலை. அதுவும் எல்லாரும் வீட்டில் இருக்கிற கோடை ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம்.

போன ஞாயிறு வடகம் போடுவதென்று முடிவாகியிருந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் காய்ந்த வடகம்தான் வருஷம் முழுக்கத் தாங்கும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஊரைச் சுற்றி ஜவ்வரிசி தயாரிக்கிற சேகோ ஆலைகள் இருக்கிற சேலத்தில் உட்கார்ந்துகொண்டு கடை வடகம் வாங்குவதை என் மாமியார் ஒத்துக்கொள்ளவே மாட்டார். சரி. ஆனால் அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தின்கிறவர்களுக்குத் தெரியுமா? முந்தின ராத்திரியே ஜவ்வரிசியை ஊறவைக்கணும். விடிவதற்கு முன்னால் எழுந்து, பச்சை மிளகாயும் உப்பும் அரைத்துச் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்கணும். மணியில் வெள்ளை மறைந்ததும் இறக்கி, சீரகமும் எலுமிச்சைச் சாறும் கலந்து, அந்தச் சூட்டோடு மாடிக்குத் தூக்கிப் போய், வெயில் ஏறுவதற்குள் ஈர வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றி முடிக்கணும். அன்றைக்குத் தண்ணீர் வருகிற நாளும்கூட. மேட்டூர்த் தண்ணீர், வரும்போது பிடித்தால்தான் உண்டு. அடுப்புக்கும் குழாய்க்கும் மாடிக்கும் நான் ஓடிக்கொண்டிருந்தபோது அத்தை முட்டிவலியோடு உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக் கொடுத்தார். மற்ற மூன்று பேரும் தூக்கம்.

இனிமேல்தான் விஷயமே. மாடித்தோட்டம் என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஆரம்பித்தது. கத்தரி, தக்காளி, வெண்டை, ரோஜா, செம்பருத்தி என்று ஒவ்வொன்றாக வாங்கி வந்து வைத்தார். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் செடி பிடிக்கும். ஆனால் வாரம் முழுக்க அதைக் காப்பாற்றுவது யார்? கோடையில் செடி வளர்க்கிற பையிலிருக்கிற மண் சீக்கிரம் காய்ந்துபோகும். காலையில் வெயிலுக்கு முன், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பின் என்று இரண்டு வேளையும் ஊற்றுவது நான். காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டு ஈரத்தைப் பிடித்து வைப்பதும் நான். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துக் கலக்கி, இலைக்கு அடியில் விழுகிற மாதிரி அடிப்பதும் நான்தான்.

அவர் காலை பதினொரு மணிக்குக் காபி குடித்துவிட்டு மேலே வந்து, "இன்னைக்குப் பழைய பையையெல்லாம் மாத்திடலாம்" என்றார். மே மாசம், பதினொரு மணி வெயில்! பிடுங்கும்போது வேர் அறுபடும். அறுந்த வேர் தண்ணீரை உறிஞ்சாது, இலையோ வெயிலில் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். செடி எப்படிப் பிழைக்கும்? "ஏங்க, அஞ்சு மணிக்கு மேல பண்ணுங்க, நிழல் வலைக்கு அடியில வச்சிடலாம்" என்றேன். "சாயங்காலம் ஏற்காடு போலாம்னு இருக்கேன், அதுக்குள்ள முடிச்சிடுறேன்" என்றார்.

முடித்தார். காய்ந்த செம்மண்ணையும் நார்க்கழிவையும் காற்று வீசுகிற பக்கமாக நின்று கொட்டினார். அத்தனை புழுதியும் பறந்துவந்து என் வடகத்தின் மேல் படிந்தது. விடியற்காலையிலிருந்து நின்று ஊற்றிய வடகம். மேலே போய்ப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. அவர் சொன்னது இதுதான்: "கொஞ்சம் தூசிதானே, பொரிச்சா தெரியாது." பிறகு புதுப் பைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டார். சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் கைதட்டினார்கள். மண்ணும் சேறுமாகக் கிடந்த மாடியைக் கழுவியது நான். அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாயில் கையை விட்டு மண்ணை அள்ளியது நான். அவருடைய செம்மண் பனியனைத் தனியாக ஊறவைத்ததும் நான். தக்காளிச் செடி சாயங்காலத்துக்குள் தலை தொங்கிவிட்டது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு வேலையை எடுத்தால் அதன் கடைசி வரைக்கும் அவர்தானே போகணும்? பையை மாற்றுவது என்றால் தரையைக் கழுவுவதும் சேர்ந்துதான். கோழி வறுத்துக் கொடுக்கிறேன் என்று அடுப்படிக்கு வருகிறவர், எண்ணெய் தெறித்த அடுப்பைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வரணும். கண்ணுக்குத் தெரிகிற பாதியை மட்டும் செய்து பேர் வாங்கிக்கொண்டு, தெரியாத பாதியை என் தலையில் விட்டுப் போவதை எத்தனை வருஷம் பொறுப்பது?

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. வீட்டு வேலையில் கைவைக்கிறவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலே, 2019இல் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். 2024இல் 289, 88. ஐந்து வருஷத்தில் எங்களுக்கு 10 நிமிஷம் குறைந்தது. அந்த நேரத்தை ஆண்கள் எடுத்துக்கொண்டார்களா? இல்லை, அவர்களுக்கும் 9 நிமிஷம் குறைந்திருக்கிறது. படித்தபோது வயிறு எரிந்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், லீவே இல்லாமல் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் சேர்ந்திருக்கிறது, அவளுக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்துக்குப் புரிந்தது ஒரு மாடியில் நின்றுகொண்டிருக்கிற மனிதருக்குப் புரியாதா?

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். பிள்ளைகள் விஷயத்தை விட முடியாது. எட்டாவது படிக்கிற மகளை "பாப்பா, அம்மாவுக்கு ஒத்தாசையா இரு" என்று அத்தை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். காக்கா விரட்ட அவள், தட்டு எடுக்க அவள், துணி மடிக்க அவள். பிளஸ் டூ போகப்போகிற மகன் ஃபேனுக்கு அடியில் செல்போனோடு கிடக்கிறான். அவனுக்கு மாம்பழம் நறுக்கித் தட்டில் வைத்துக் கையில் கொடுக்கணுமாம். "டேய், தட்டையாவது கழுவிப் போடு" என்றால், "ஆம்பளைப் புள்ளைய எதுக்கு ஏவுற, விடு சாமி" என்கிறார் அத்தை. அவர் காலம் வேறு, அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வாயே திறக்காத அப்பாமேல்தான் கோபம். என் மகளும் நாளைக்கு ஒரு மாடியில் இப்படி நின்று மண் அள்ளணுமா?

சாயங்காலம் ஏற்காடும் போனோம். குடும்பமாக வெளியே போவது எனக்கும் பிடிக்கும். ஆனால் "கிளம்பலாம்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். புளிசோறு கட்டியது, தண்ணீர் பிடித்தது, இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுக்கிற மகளுக்கு எலுமிச்சையும் கவரும் எடுத்து வைத்தது, அத்தைக்கு மாத்திரை, சால்வை, எல்லாமே நான். சீசன் கூட்டத்தில் வண்டி நகரவே இல்லை, ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினோம். கன்னங்குறிச்சி வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் மத்தியானம் சாப்பிட்ட பாத்திரம் அத்தனையும் தொட்டியில் காய்ந்து கிடந்தது. எல்லாரும் அலுப்பு என்று படுத்தார்கள்.

ராத்திரியே எழுப்பிச் சொல்லிவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மத்தியானப் பாத்திரம் மகன் பொறுப்பு. அத்தை தடுத்தாலும் அவன்தான் கழுவணும். துணி மடிப்பதில் அப்பாவும் மகளும் பாதிப் பாதி. தோட்ட வேலை வெயில் தாழ்ந்த பிறகு மட்டும், மாடியைக் கழுவிவிட்டுத்தான் கீழே இறங்கணும். புழுதி படிந்த வடகத்தைக் கொட்டிவிட்டேன். மறுபடி ஜவ்வரிசி ஊறப் போடுகிற அன்றைக்குக் கிளற அவரும் விடியற்காலையில் எழுந்து வரணும். வராவிட்டால் இந்த வருஷம் இந்த வீட்டில் வடகம் இல்லை.