52-இல் 37 போனால் 25

சனிக்கிழமை ஆசிரியர் பயிற்சியில், பிள்ளைகள் டேப்பில் (தொடுதிரைக் கணினியில்) தாங்களே படிக்கும் ஆப்பைக் காட்டிய கருத்தாளரிடம், அதாவது பயிற்சி கொடுக்க வந்தவரிடம், நான் சத்தம் போட்டதைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். வீடியோ எல்லா ஆசிரியர் குரூப்பிலும் சுற்றிவிட்டது. "டீச்சர், ஏன் அப்படிச் சத்தம் போட்டீங்க, கருத்தாளர் சின்னப் பையன்தானே" என்று இன்பாக்ஸில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். சத்தம் போட்டது தப்புதான். கேட்ட கேள்வி தப்பில்லை. இங்கேயும் அதையே கேட்கிறேன்: அந்த டேப் பிள்ளையை என்னவாக நினைக்கிறது?

கருத்தாளர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "மேடம், இது லேட்டஸ்ட். தப்பு பண்ணா உடனே காட்டிடும், சரியா பண்ணா ஸ்டார் கொடுக்கும், அவங்கவங்க வேகத்துல போகலாம். இனிமே நீங்க டீச்சர் இல்ல, ஃபெசிலிட்டேட்டர்" என்றார். பிள்ளை தானே படிக்கும், நான் கூட நின்று உதவுகிற ஆள், அவ்வளவுதான். ஹாலில் கைதட்டல் வேறு.

லேட்டஸ்ட் இல்லை தம்பி. 1953 நவம்பரில் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மகளின் கணக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தார். முடித்த பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள், முடிக்காதவர்கள் திணறுகிறார்கள், போட்டது சரியா தப்பா என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு பெட்டி செய்தார். சின்னச் சின்னப் படி, உடனுக்குடன் விடை, அவரவர் வேகம். புறாவுக்குத் தானியம் போட்டுப் பழக்கிய அதே கொள்கைதான் அதற்குள் இருந்தது. சரியாகச் செய்தால் பலன் உண்டு, பலன் கிடைத்தால் பழக்கம் படியும். பிள்ளையைப் பற்றி தான் என்ன நினைக்கிறேன் என்பதை அவர் ஒளிக்கவில்லை. டீச்சரே வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. சனிக்கிழமை நமக்குக் காட்டியது அந்தப் பெட்டியைத்தான், கலர் ஸ்கிரீன் போட்டு.

எனக்கு ஏன் கோபம் வந்தது என்று சொல்கிறேன். போன மாதம் என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் அந்த ஆப்பில் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தான். 52-இல் 37 போனால்? 25 என்று அழுத்தினான். சிவப்புப் பெருக்கல் குறி. அடுத்த கணக்கும் அதே மாதிரி, அதுவும் சிவப்பு. பத்துக் கணக்கு, பத்தும் சிவப்பு. திரையில் ஒரு கரடி அழுதது. பதினோராவது கணக்கில் அவன் கணக்கைப் பார்ப்பதையே விட்டுவிட்டான், நாலு விடையையும் வரிசையாக அழுத்தினான். பச்சை வந்தது, ஸ்டாரும் வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிடா 25 வந்துச்சு?" என்று கேட்டேன். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல மூணு போனா ரெண்டு. பெருசுல இருந்துதான் சின்னத கழிக்கணும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்றான். நான்தான் சொன்னேன், ஒன்றாம் வகுப்பில். அவன் யோசிக்காமல் போடவில்லை, நான் கொடுத்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டு போட்டிருக்கிறான். பத்துச் சிவப்புக் குறியில் ஒன்றுகூட அதை எனக்குச் சொல்லவில்லை.

இதுவும் புதுசு இல்லை. 1973-இல் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனோடு உட்கார்ந்து பேசினார். ஆய்வில் அவனுக்குப் பெயர் பென்னி. தாள் தாளாகத் தானே படித்து, தானே தேர்வு எழுதி மேலே போகும் முறையில் படித்தவன். கணக்கில் நல்ல பையன் என்றுதான் அவனுடைய டீச்சர் நினைத்திருந்தார். பத்தில் ஐந்து என்ற பின்னத்தைத் தசமத்தில் எழுதச் சொன்னால் 1.5 என்பான், ஐந்தையும் பத்தையும் கூட்டி நடுவில் புள்ளி வைத்து! கணக்கு என்றால் விடைத்தாளில் இருப்பதைத் தேடிப் பிடிக்கிற வேலை என்றே அவன் நினைத்திருந்தான். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து "எப்படி வந்துச்சு" என்று கேட்கும்வரை ஒருவருக்கும் தெரியவில்லை.

உடனே "டெக்னாலஜி என்றாலே டீச்சருக்குப் பயம்" என்று ஆரம்பிப்பீர்கள். எனக்கு என்ன பயம்? 1978-இல் பிரவுன், பர்ட்டன் என்ற இருவர், பிள்ளைகள் கழித்தலில் செய்யும் தப்புகளுக்குப் பின்னால் என்ன விதி இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டர் புரோகிராமே எழுதினார்கள். என் வகுப்புப் பையன் 25 போட்ட அதே விதியும் அதில் உண்டு. பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜேயோடு ஜெனீவாவில் வேலை பார்த்த பாப்பர்ட், 1967-இல் லோகோ என்ற, பிள்ளைகளுக்கான கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். பிள்ளை சொல்வதைக் கம்ப்யூட்டர் கேட்கட்டும் என்றார் அவர். கருவி கருவிதான். அதற்குள் இருக்கும் பிள்ளை யார் என்றுதான் கேட்கிறேன். யோசிக்கிற பிள்ளையா, தானியத்துக்குக் கொத்துகிற புறாவா?

கருவி நமக்கும் புதுசா? அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டுப் பாயில் உட்கார்ந்தோம். சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, எதற்கு அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று காட்டும் ஏணிப்படிப் படம், அட்டைகள். அதிலும் ஆயிரம் குறை உண்டு, எழுதி எழுதியே கை ஓய்ந்தது. ஆனால் ஏன் பாயில் உட்காரச் சொல்கிறார்கள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். பிள்ளையின் முகம் தெரிகிற தூரத்தில் இருங்கள் என்றார்கள்.

ஓராசிரியர் பள்ளிக்கு டேப் உதவாதா என்று கேட்பவர்களுக்கு: உதவும், சரி. ஆனால் அங்கே முதலில் இன்னொரு ஆசிரியரைப் போடுங்கள்.

"லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு பேச்சைப் பார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, கொரோனா நேரத்தில் என் வகுப்பில் 34 பிள்ளைகள், வாட்ஸ்அப் உள்ள போன் இருந்தது 11 வீட்டில். மீதி 23 வீட்டுக்கும் ஸ்கூட்டியில் ஒர்க்‌ஷீட் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு பிள்ளைக்கு என் காசில் ரீசார்ஜ் போட்டேன். இதையெல்லாம் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை நான். சொல்ல வைத்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் சுருக்கென்று தைத்தது. "இருநூறு வருஷமா வகுப்பறை மாறவே இல்ல" என்றார் அந்தத் தம்பி. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே சென்னையில், எழும்பூர் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அதோடு சேர்த்து, 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். மெட்ராஸ் முறை என்றே அதற்குப் பெயர். அங்கே போனதும் அது என்ன ஆனது? ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓட்டும் மலிவு வழி! 1913-இல் எடிசன், சினிமா வந்துவிட்டது, இனி பள்ளியில் புத்தகம் தேவைப்படாது என்றார். எந்தக் கருவி வந்தாலும் முதல் பேச்சு எதைக் குறைக்கலாம் என்பதுதான். சனிக்கிழமை ஸ்லைடில் இருந்ததும் அதுதான்: "ஆசிரியர் நேரம் பாதியாகக் குறையும்". அந்தப் பாதி நேரம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு ஆப்பில் என்ட்ரி போடப் போகும்.

ஃபெசிலிட்டேட்டராம். பத்தொன்பது வருஷமாகத் தெருவில் பார்த்தால் "டீச்சர்ர்ர்" என்று கத்திக்கொண்டு ஓடிவருகிற பிள்ளைகள் இனி என்னவென்று கூப்பிடும்?

அந்தப் பையனிடம் மறுநாள் ஈர்க்குச்சிகளைக் கொடுத்தேன். பத்துப் பத்தாக ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. "இதுல இருந்து எனக்கு முப்பத்தேழு குச்சி கொடு" என்றேன். மூன்று கட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். பிறகு அந்த இரண்டு குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. சிவப்பும் இல்லை, கரடியும் அழவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு கட்டைக் கையில் எடுத்து, ரப்பர் பேண்டைத் தொட்டுக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"டீச்சர், இதப் பிரிக்கலாமா?"

"பிரிடா" என்றேன்.