சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது, காலைப் பார்ப்பது யார்?

அரசு மருத்துவமனை டிரெஸ்ஸிங் அறையில் நின்று வேலை பார்க்கிறவள் என்பதால் இதை எழுதுகிறேன். எங்களிடம் வரும் சுகர் புண்களில் நிறைய, சின்ன விஷயத்தில் ஆரம்பித்தவை. பிளேடால் நகம் வெட்டியிருப்பார்கள். ஆணிக்காலுக்கு மருந்துக்கடையில் எதையோ வாங்கி ஒட்டியிருப்பார்கள். சமீபத்தில் ஒரு பெரியவர், செருப்பைத் துளைத்த முள் உள்ளங்காலில் ஏறி நிற்க, அதோடு நடந்தே வந்தார். "எறும்பு கடிச்ச மாதிரிகூட தெரியலம்மா" என்றார். சுகரால் மரத்துப்போன கால் அப்படித்தான்.

நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. இத்தனை பேர் காலையும் டாக்டரே குனிந்து பார்ப்பார் என்பது நடக்கிற காரியமா? ஓ.பி.யில் வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. பிரிட்டனில் போடியாட்ரிஸ்ட் என்று பாதத்துக்கென்றே பதிவு பெற்ற தொழில் இருக்கிறது. இங்கே அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம்.

ஆனால் நமக்கு இது தெரியாத வேலை இல்லை. தொழுநோயிலும் கால் மரத்துத்தான் புண் வந்தது. கிருமி மட்டும் காரணமில்லை, உணர்ச்சி போன காலில் அழுத்தமும் உரசலும்தான் புண்ணாக்குகின்றன என்று வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்டும் கூட இருந்தவர்களும் எடுத்துக்காட்டினார்கள். இன்று சுகர்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு அந்த வேலையின் தொடர்ச்சிதான். ஊர் ஊராகப் போய்க் காலைத் தொட்டுப் பார்த்து, எண்ணெய் தடவச் சொல்லிக்கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல, தொழுநோய்ப் பணியாளர்கள். 1997இல் தமிழ்நாட்டில் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் பொதுச் சுகாதாரத்தோடு இணைந்தது. நோய் குறைந்ததில் சந்தோஷம்தான். அவர்களுடைய கைப்பழக்கத்தை அடுத்தவர்களுக்குக் கொடுக்காமல் விட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் பி.பி., சுகர் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். "காலை நீட்டுங்க பாட்டி" என்று சொல்லக்கூடிய உரிமையும் அவர்களுக்கு உண்டு. விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, நக ஓரம், செருப்பின் உள்பக்கம், இவ்வளவுதான் பார்க்க வேண்டும். கால் மரத்திருக்கிறதா என்று சோதிக்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழை இருக்கிறது. கண்ணை மூடச் சொல்லி, அது வளையும்வரை உள்ளங்காலில் அழுத்தி, தொடுவது தெரிகிறதா என்று கேட்க வேண்டும். முறையாகச் சொல்லிக்கொடுத்தால் அவர்களால் முடியும்.

நர்ஸ் வேலையைத் தன்னார்வலருக்குத் தூக்கிக் கொடுப்பதா என்று எங்களுக்குள்ளேயே சிலர் கோபப்படுகிறார்கள். ஆணி சீவுவதும் தடித்த தோலை எடுப்பதும் பயிற்சி பெற்ற நர்ஸ் கையில்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு பாட்டியின் கால் நகத்தை வெட்டிவிட இதுவரை யார் போட்டி போட்டோம்? மட்டமான வேலை என்று ஒதுக்கித்தானே வைத்தோம்.

அதேசமயம் ஊக்கத்தொகையில் ஓடும் பெண்கள் தலையில் இதையும் சும்மா ஏற்றக் கூடாது. வேலை கூடினால் பணமும் கூட வேண்டும். பதிவில் பி.பி., சுகருக்குப் பக்கத்தில் காலுக்கும் ஒரு கட்டம் கட்டாயமாக வையுங்கள். புண் என்று குறித்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸுக்குத் தகவல் போகட்டும். கருத்த விரலோடு வருகிறவரை அதே நாளில் சர்ஜன் பார்க்க வழி செய்யுங்கள்.