வாசல் இருக்கிறது, மேடை எங்கே?

போன வாரம் நான் போட்ட, சிங்கப்பூர் நியூ வோர்ல்டு பூங்காவின் நுழைவாயில் படத்துக்குக் கீழே வந்த கருத்துகளைப் பார்த்திருப்பீர்கள். "அதைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்களே, அப்புறம் ஏன் இந்த அழுகை?" என்று ஒருவர் எழுத, வரிசையாகச் சிரிப்புக் குறிகள். மனசு ஆறவில்லை.

வாசல் இருக்கிறது, சரி. உள்ளே இருந்தது எங்கே? 1923இல் தொடங்கிய கேளிக்கைப் பூங்கா அது. மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகம், கேபரே, சீனர்களின் கெத்தாய் பாட்டு மேடை, குத்துச்சண்டை என்று ஜாலான் புசார் வட்டாரமே ராத்திரியானால் அங்கேதான் கிடக்கும். 1987இல் மூடினார்கள். இன்று அந்த நிலத்தில் சிட்டி ஸ்குவேர் மாலும் கொண்டோ என்கிற தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பும் நிற்கின்றன. வாசலைக் காப்பாற்றியவர்களுக்கு ஒரு மேடையைக் காப்பாற்றத் தோன்றவில்லை. பாட்டு போன பிறகு வாசல் யாருக்கு?

"சின்ன ஊர், மக்களுக்கு வீடு வேண்டாமா?" வேண்டும். நானும் அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் அங்கே எழும்பியது தனியார் கொண்டோ. வீடில்லாதவர்கள் பெயரைச் சொல்லி அதற்கு வாதாடாதீர்கள். டிவி வந்ததும் கூட்டம் போய்விட்டதாமே? கூட்டம் குறைந்தால் மேடையையே எடுத்துவிடுவதா?

கேப்பிட்டல் தியேட்டரைப் போய்ப் பாருங்கள். 1930 வாக்கில் கட்டியது. 2015இல் புதுப்பித்துத் திறந்தார்கள். அதே வளாகத்தில் ஆடம்பர வீடுகளும் இருக்கின்றன, மேடையும் இருக்கிறது. மனசு வைத்தால் முடிகிறது.

என் அண்ணன் ஒரு மெல்லிசைக் குழுவில் தபேலா வாசித்தவர். கல்யாண வரவேற்பு, கோயில் விழா, தீபாவளி நிகழ்ச்சி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார்கள். பழகத்தான் இடம் கிடையாது. வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டுப் புகார். அறை வாடகைக்கு எடுத்தால் கிடைத்த காசு அதற்கே போகும். தபேலா மேல் துண்டைப் போட்டு வாசித்துப் பார்த்தார். கடைசியில் குழு கலைந்தது. "எஸ்பிளனேட் இருக்கிறதே" என்பீர்கள். 2002இல் திறந்த அந்த அரங்கு எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரு சின்னக் குழு தப்பும் தவறுமாக வாசித்துத் தேறுகிற இடம் அது இல்லை. அந்த மாதிரி இடங்களைத்தான் ஒவ்வொன்றாக இழக்கிறோம்.

"கீழே பாட்டு நடந்தால் மேலே குழந்தை எப்படித் தூங்கும்?" நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் 2018இல் திட்டமிடல் விதியிலேயே பதில் சொல்லிவிட்டார்கள்: ஏற்கெனவே பாட்டு நடக்கும் இடத்தின் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்தான் அந்தச் சத்தத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இங்கே நான் பார்த்தவரை, பின்னால் வந்தவர் புகார் கொடுப்பார், முன்னால் இருந்தவர் வாயை மூடிக்கொள்வார்.

நமக்கு இது புதிதா என்ன? தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் இசைக்கருவிகளுக்குத் தடை. 2016இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. ஒரு தலைமுறையே மேளம் இல்லாமல் காவடி தூக்கியிருக்கிறது! அந்த வருஷம் நாதஸ்வரம் காதில் விழுந்ததும் என் மாமா காவடியோடு நின்று அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன். "சத்தம் ஒழிந்தால் நிம்மதி" என்றும் ஒருவர் அந்தப் படத்தின் கீழே எழுதியிருக்கிறார். அதை என் மாமாவிடம் நேரில் வந்து சொல்லட்டும்.